கம்பியில்லாத் தந்தி முதல் பல ஆண்டெனா முறை வரை

ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு, மாலை வேளையில் கைப்பேசியிற் கேட்கும் தாயின் குரல் பேராறுதலாகும். அக்குரல் எவ்வழியே நம்மை வந்தடைகிறது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவ்வழியின் வரலாற்றைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1901-ஆம் ஆண்டில் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கம்பியில்லாத் தந்திச் செய்தி அனுப்பிப் புகழ் பெற்றார். 1905-இல் ஜெர்மானிய விஞ்ஞானி பிரவுன், மூன்று ஆண்டெனாக்களை ஒருங்கே இயக்கி, அலைகளை வேண்டிய திசையிற் செலுத்திக் காட்டினார். இவ்விருவரும் 1909-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆயினும் ஓர் இடர் நீங்கவில்லை. வானலை மலையிலும் மாளிகையிலும் மோதிச் சிதறிப் பல வழிகளில் வந்து சேரும். அவ்வாறு சேர்ந்தவை சில வேளைகளில் ஒன்றையொன்று அழித்துவிட, ஒலி மங்கும். இதற்குப் பரிகாரமாகப் பொறியியலார் பல ஆண்டெனாக்களை இடைவெளி விட்டு நாட்டி, தெளிவாக வருவதை ஏற்றனர். 1931-இல் அமெரிக்கப் பொறியாளர் பெவரேஜும் பீட்டர்சனும் இம்முறையை விளக்கி எழுதினர். எனினும் சிதறல் என்பது அனைவருக்கும் பகையாகவே தோன்றிற்று.

அப்பகையை நட்பாக்கியவர் நம்மவர் ஒருவர். 1944-இல் பொள்ளாச்சியிற் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், இளமையிலேயே இந்தியக் கடற்படையிற் சேர்ந்தார், டில்லி ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். நீர்மூழ்கிகளை ஒலியாற் கண்டறியும் 'அப்சோ' என்னும் சோனார் கருவியை உருவாக்கிய குழுவிற்குத் தலைமை தாங்கினார். 1991-இல் கடற்படையினின்று ஓய்வு பெற்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் சென்றார். பல ஒலிபரப்பிகளின் அலைகளைப் பிரித்தறிய முயன்றபோது, அலைகள் சிதறினால் பிரிப்பது எளிதாவதைக் கண்டார்.

இதனைப் பள்ளிக் கணக்கால் விளக்கலாம். இரு ஆண்டெனாக்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் இரு செய்திகளை அனுப்புகின்றன. பெறும் இரு ஆண்டெனாக்களிலும் அவை வெவ்வேறு அளவிற் கலந்து விழுகின்றன. தெரியாதவை இரண்டு, சமன்பாடுகளும் இரண்டு. முன்னரே அறிந்த ஓர் அடையாளச் சைகையை அனுப்பிக் கலப்பின் அளவை அறிந்துகொண்டால், விடை கிடைத்துவிடும். சிதறல் இல்லையேல் இரு சமன்பாடுகளும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும், விடையும் கிட்டாது. இரயில்வேயில் இரட்டைப் பாதை போட நிலம் வேண்டும். இங்கோ புதிய அலைவரிசை வேண்டாமலே இரண்டாம் பாதை கிடைத்துவிட்டது!

புனாவிற் பிறந்த பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் இணைந்து 1992-இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1994-இல் அது வழங்கப்பட்டது. முதலில் ஐயுற்றோர் பலர். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டெலடாரும் பாஷினியும், ஆண்டெனாக்கள் பெருகப் பெருகச் செய்தியின் அளவும் பெருகும் என்பதைக் கணித வழியே நிறுவிய பின் ஐயம் அகலலாயிற்று. 2009-இல் வைஃபை தரவிதியிலும், பின்னர் நான்காம், ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிகளிலும் இம்முறை இடம்பெற்றது. இன்று 64 ஆண்டெனாக்கள் கொண்ட கோபுரக் கருவிகளும் உள்ளன. 2010-இல் பத்ம பூஷண் விருதும் 2014-இல் மார்க்கோனிப் பரிசும் பால்ராஜை அடைந்தன.

அன்பர்களே, சிதறுதல் இழப்பே என்று எண்ணுகிறோம். பல வழியாற் பிரிந்து வந்தவற்றைச் சேர்த்துப் பொருள் காணும் அறிவு இருப்பின், சிதறலே செல்வமாகும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ஊர் விட்டு ஊர் வந்து ஒரு சங்கத்திற் கூடியிருக்கும் நாம் இதனை நம் மக்கட்குச் சொல்லி வைப்போமாக.