ஊமத்தையும் கண் அழுத்தமும்

ஊமத்தை, கொங்கு நாட்டின் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் தானாக வளரும் நச்சுச்செடி. இதை உண்டவர்களுக்கு மனக்குழப்பமும், இல்லாதவற்றைக் காணும் மருட்சியும் ஏற்படும். அதே நச்சு கண்மணியை விரித்து, சிலருக்குக் கண்ணின் உள்ளழுத்தத்தைத் திடீரென உயர்த்தும். மருட்சி தெளிந்த பிறகும் அவர்களுக்குப் பார்வை திரும்பாமல் போகலாம்.

பெயரும் வழக்கும்

ஊமத்தை என்ற பெயர், பித்து எனப் பொருள்படும் ‘உன்மத்தம்’ என்பதோடு தொடர்புடையது. தேவாரத்தில் சிவன் சூடும் மலராக ‘மத்தம்’ குறிப்பிடப்படுகிறது. சித்த மருத்துவர்கள் இதன் நச்சுத்தன்மையை அறிந்து, விதையைச் சுத்தி செய்தே பயன்படுத்தினர். பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் வழிப்பறிக்காரர்கள் பயணிகளின் உணவில் ஊமத்தை விதையைக் கலந்த நிகழ்வுகளை, நார்மன் செவர்சு 1856இல் வெளியிட்ட சட்ட மருத்துவ நூல் பதிவு செய்துள்ளது.

கண்ணில் நிகழ்வது

கண்ணின் முன்பகுதியில் ஊறும் நீர், கருவிழியின் ஓரத்திலுள்ள கோணத்தின் வழியே வடிகிறது. இயல்பான அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை. ஊமத்தையிலுள்ள அட்ரோபின், இசுகோபோலமின் ஆகியவை கண்மணியைச் சுருக்கும் தசையைத் தளர்த்துகின்றன. கண்மணி விரியும்போது, பிறவியிலேயே கோணம் குறுகியவர்களுக்கு வடிகால் அடைபடலாம். அப்போது சில மணி நேரத்திலேயே கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் ஆகியவை தோன்றும். உடனே சிகிச்சை பெறாவிட்டால் பார்வை நரம்பு பாதிக்கப்படும்.

மாற்று மருந்தும் அறுவையும்

மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரையிலிருந்து பெறப்பட்ட பைசோசுடிக்மின், அட்ரோபினுக்கு எதிராகச் செயல்படுவது. 1864இல் பிராகாவில் இது அட்ரோபின் நஞ்சுக்கு மாற்றாகப் பயன்பட்டது. 1876இல் லுட்விக் லாக்கர் இதைக் கண் அழுத்த நோய்க்குப் பயன்படுத்தினார். அவரும் அந்நோயால் பாதிக்கப்பட்டிருந்தவரே. சென்னையில் பணியாற்றிய ராபர்ட் என்றி எலியட், 1909இல் கண்ணின் ஓரத்தில் சிறு துளையிட்டு நீரை வடியச்செய்யும் அறுவை முறையை வெளியிட்டார். அது அவர் பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்டது.

கஞ்சா

எல்லா மயக்கப் பொருள்களும் கண் அழுத்தத்தை உயர்த்துவதில்லை. கஞ்சா அதைக் குறைப்பதாக 1971இல் எப்ளர், பிராங்கு ஆகியோர் அமெரிக்காவில் கண்டறிந்தனர். ஆனால் அவ்விளைவு மூன்று நான்கு மணி நேரமே நீடிக்கும். இரத்த அழுத்தமும் குறைவதால் பார்வை நரம்புக்குச் செல்லும் இரத்தம் குறையக்கூடும். எனவே கண் மருத்துவர்கள் இதைச் சிகிச்சையாகப் பரிந்துரைப்பதில்லை.

கொங்கு நாட்டில்

களையெடுக்கும்போது ஊமத்தைச் சாறு பட்ட கையால் கண்ணைக் கசக்கினாலும் அந்த ஒரு கண்மணி மட்டும் விரியும். இதை மூளைக் காயத்தின் அறிகுறியாகத் தவறாகக் கருத வாய்ப்புண்டு. ஆகவே செடியைத் தொட்ட செய்தியை மருத்துவரிடம் சொல்வது முக்கியம். கண்ணை நீரால் நன்கு கழுவ வேண்டும். வலியோ மங்கலோ இருந்தால் அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும். கோவையில் அரவிந்த், சங்கரா ஆகிய கண் மருத்துவமனைகள் உள்ளன. நாற்பது வயதைக் கடந்தோர் கண் அழுத்தத்தோடு கோணத்தையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. கோணம் குறுகியது என முன்பே தெரிந்தால், லேசர் மூலம் சிறு துளையிட்டு இந்த ஆபத்தைப் பெருமளவு தவிர்க்கலாம்.