1970-இன் இசைத்தட்டுகளும் இரண்டு விரல் நுனிகளும்

டிசம்பர் வந்துவிட்டால் அந்த ஆண்டின் சிறந்த படம், சிறந்த பாடல் என்று பத்திரிகைகள் பட்டியல் போடும். மேல்நாட்டு இசைத்தட்டுகளில் எனக்குப் பிடித்த ஆண்டு எது என்று கேட்டால், யோசிக்காமல் 1970 என்பேன். 'ஹெவி மெட்டல்' என்று பிற்பாடு பெயர் பெற்ற இசை தட்டில் ஏறி வெளிவந்தது அந்த ஆண்டில்தான்.

"அந்தக் காதைக் கிழிக்கும் இரைச்சலா? இந்த வயதில் உமக்கு ஏன் ஐயா?" என்று நண்பர்கள் சிலர் கேட்பார்கள். சற்றுப் பொறுங்கள். அந்த இரைச்சலுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. ஒரு விபத்து இருக்கிறது. பாரிஸ் நகரத்து வாத்தியக்காரர் ஒருவரின் இசைத்தட்டும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் இந்தத் தட்டுகள் என் கைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் பல வீடுகளைப் போல எங்கள் குடும்பத்திலும் ஒரு 'சொல்தா' உண்டு. என் பெரியம்மா மகன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். விடுப்பில் வரும்போது சென்ட் பாட்டில், சாக்லேட் இவற்றோடு நாலைந்து இசைத்தட்டுகளும் கொண்டுவருவார். எதித் பியாஃபும் அஸ்னவூரும் பெரியவர்களுக்கு, மற்றவை எங்களுக்கு. அப்படி ஒருமுறை வந்ததுதான் 'பிளாக் சபாத்' குழுவின் முதல் தட்டு. கூடத்தில் அதைப் போட்டதும் அடுப்படியிலிருந்து பெரியம்மா, "என்னடா இது, பாத்திரப் பட்டறை மாதிரி சத்தம்?" என்றார்கள். பெரியம்மா சொன்னது எத்தனை சரி என்பது, அந்தக் குழுவின் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

இங்கிலாந்தின் நடுவே பர்மிங்காம் என்றொரு தொழில் நகரம். இரும்பு, பித்தளை, கார் உதிரி பாகம், தகடு என்று உலோகத்தை வைத்தே பிழைத்த ஊர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய விமானங்கள் அதைக் குண்டு போட்டு நொறுக்கின. 1948-49-இல் அங்கே ஆஸ்டன் பகுதியில் பிறந்து, குண்டு விழுந்து இடிந்த மனைகளுக்கு நடுவே விளையாடி வளர்ந்த நான்கு பையன்கள்தான் பிளாக் சபாத் குழுவினர். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். கார் ஹாரன்களின் ஒலியைச் சரிபார்க்கும் வேலையும் செய்தவர். திருட்டுக் குற்றத்துக்காகச் சில வாரம் சிறையும் கண்டவர். பேஸ் கித்தார் வாசித்த கீஸர் பட்லர் கணக்கர் வேலைக்குப் பயிற்சி பெற்றவர். அந்த வகையில் நம்ம ஜாதி! டிரம்ஸ் வாசித்த பில் வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். கித்தார் வாசித்தவர் டோனி ஐயோமி. தகடு வேலை நடக்கும் தொழிற்சாலையில் பற்றவைக்கும் தொழிலாளி.

ஐயோமிக்கு அப்போது 17 வயது. ஒரு குழுவில் சேர்ந்து வாசிக்கப்போவதற்காக வேலையை விட்டுவிட்டார். அன்று கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனித் திரும்பிப் போகவேண்டாம் என்று நினைத்தார். "எடுத்த வேலையை முடித்துவிட்டு வா" என்று தாயார் அனுப்பிவைத்தார். அன்று தகட்டை அழுத்தும் இயந்திரத்தின் ஆள் வரவில்லை என்று, பழக்கமில்லாத அந்த இயந்திரத்தில் இவரை நிறுத்தினார்கள். இயந்திரம் கையின் மேல் இறங்கியது. வலக்கையில் நடுவிரலும் மோதிர விரலும் நுனி இழந்தன. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். ஆகவே கித்தாரின் தந்திகளை அழுத்துகிற கை அதே வலக்கைதான்.

இந்த இடத்தில் குமாஸ்தாவாகவே ஒன்று சொல்லவேண்டும். நான் உத்தியோகம் பார்த்த நாட்களில் தொழிலாளர் நட்ட ஈட்டுக் கோப்புகள் என் மேசைக்கு வந்துபோகும். அந்தச் சட்டத்தின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை உண்டு. கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு இத்தனை இழப்பு, நடுவிரலுக்கு இத்தனை, ஒரு கணு மட்டும் போனால் இத்தனை என்று ஒவ்வொரு விரலுக்கும் கணக்கு வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் தொழிலாளிக்கு எதுவும் கிடைக்காது. அதனால் அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த விரலால் அவன் வேறென்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்க அட்டவணையில் கட்டம் கிடையாது. நாயனம் வாசித்தானா, தபேலா தட்டினானா, மகளுக்குத் தலை பின்னிவிட்டானா என்பது கோப்பில் வராது. ஐயோமியின் கதையைப் படித்தபோது அந்தக் கோப்புகள்தான் என் கண்முன் வந்து நின்றன.

இனி வாசிக்கவே முடியாது என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். மனமொடிந்து கிடந்த பையனைப் பார்க்க அவருடைய தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டோடு வந்தார். "இதைக் கேள்" என்றார். கித்தார் இசையைக் கேட்கிற நிலையில் பையன் இல்லை. வற்புறுத்திக் கேட்கவைத்த பிறகுதான் மேலாளர் விஷயத்தைச் சொன்னார்: இதை வாசித்தவருக்கு இடக்கையில் இரண்டு விரல்கள்தான் சரியாக வேலை செய்தன.

அவர்தான் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1910-இல் பெல்ஜியத்தில் நாடோடிக் குடும்பத்தில் பிறந்து, பாரிஸ் நகரின் புறத்தே வண்டி வீட்டில் வளர்ந்தவர். 1928-இல் அந்த வண்டி தீப்பிடித்தது. இடக்கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் சுருண்டு முடங்கின. மீதமிருந்த விரல்களைக்கொண்டு ஒரு புதிய வாசிப்பையே உண்டாக்கி, 1934-இல் வயலின் கலைஞர் ஸ்தெஃபான் கிராப்பெல்லியோடு பாரிஸில் ஐவர் குழு அமைத்து ஐரோப்பாவையே ஆட்டிவைத்தார். 'நுவாழ்', அதாவது மேகங்கள், என்ற அவருடைய மெட்டைக் கேட்டால் முடங்கிய கையிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஐயோமி எழுந்து உட்கார்ந்தார். பாத்திரம் கழுவும் சோப்பு நீர் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, தையற்காரர் போடும் விரல் உறைபோல இரண்டு செய்தார். பழைய தோல் சட்டையிலிருந்து துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினார். தடித்த தந்தி வலித்ததால் பாஞ்சோ வாத்தியத்தின் மெல்லிய தந்திகளை மாட்டினார். பிறகு 1971-இல் வந்த மூன்றாவது தட்டில், தந்திகளைத் தளர்த்திச் சுருதியையே இறக்கிக்கொண்டார். வயதான பாடகர்கள் அரைக்கட்டை இறக்கிக்கொள்வது நமக்குத் தெரியும். அவர்கள் இறக்குவது தொண்டைக்காக; இவர் இறக்கியது விரலுக்காக. அப்படித் தளர்ந்த தந்தியிலிருந்து பிறந்த கனத்த ஒலியைத்தான் இன்றுவரை உலகம் முழுக்க உள்ள மெட்டல் குழுக்கள் வாசித்துக்கொண்டிருக்கின்றன.

இனி என் 1970-ஆம் ஆண்டுப் பட்டியல்.

முதலாவது, குழுவின் பெயரையே தாங்கிய 'பிளாக் சபாத்'. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. வெள்ளிக்கிழமையும் 13-ஆம் தேதியும் சேர்ந்து வந்தால் ஐரோப்பியருக்கு ஆகாத நாள். வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்தார்கள். லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்த தட்டு அது. அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் லெஸ்டர் பாங்ஸ் என்ற விமர்சகர் அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார். ஆனாலும் பிரிட்டனில் விற்பனை வரிசையில் 8-ஆம் இடம் பிடித்தது.

அதன் முதல் பாட்டில் மழைச் சத்தம், தொலைவில் கோயில் மணி, பிறகு மூன்றே மூன்று சுரம்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிரதி மத்திமம். அவ்வளவுதான். ஷட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள இந்த இடைவெளிக்கு ஐரோப்பியப் பழைய இசைப் பாடங்களில் 'இசையில் சாத்தான்' என்றே பெயர். நம்மிடமோ 72 மேளகர்த்தாக்களில் சரிபாதி, 36, பிரதி மத்திம ராகங்கள். கல்யாணி இல்லாமல் நமக்குக் கல்யாணக் கச்சேரியே நடக்காது! வித்தியாசம் எங்கே என்றால், கல்யாணியில் மத்திமம் பஞ்சமத்தின் துணையோடு வருகிறது. இங்கே அது போய் இளைப்பாற இடமில்லாமல், நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கிறது. ராகம் தெரிந்தவர்கள் கேட்டுப் பாருங்கள். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது விமர்சகர்களைவிட உங்களுக்கு நன்றாகப் பிடிபடும்.

இரண்டாவது, அதே குழு அதே ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட 'பாரனாய்ட்'. பிரிட்டனில் முதலிடம் பிடித்த தட்டு. இதற்கு முதலில் வைக்க நினைத்த பெயர் 'வார் பிக்ஸ்', அதாவது போர்ப் பன்றிகள். வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஏழைப் பிள்ளைகளைச் சாக அனுப்பிவிட்டுத் தாங்கள் பத்திரமாக இருக்கும் தலைவர்களைச் சாடுகிற பாட்டு அது. கம்பெனிக்காரர்கள் தயங்கித் தலைப்பை மாற்றினார்கள், அட்டைப்படத்தை மாற்றவில்லை. அதனால் வாளும் கேடயமுமாக ஒரு வீரன் தலைப்புக்குச் சம்பந்தமில்லாமல் அட்டையில் பாய்ந்துகொண்டிருக்கிறான். தலைப்புப் பாட்டோ, தட்டில் இடம் மிச்சமிருக்கிறது என்று அரைமணி நேரத்துக்குள் கட்டி நிரப்பியது. மூன்று நிமிஷம்கூட இல்லாத அந்தப் பாட்டுதான் அவர்களை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மூன்றாவது, 'டீப் பர்ப்பிள் இன் ராக்', ஜூன் மாதம் வந்தது. முந்திய ஆண்டு செப்டம்பரில்தான் இவர்கள் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பெரிய வாத்திய கோஷ்டியோடு சேர்ந்து வாசித்திருந்தார்கள். அந்த மரியாதையெல்லாம் போதும் என்பதுபோல இந்தத் தட்டில் இடியாக இறங்கினார்கள். இதில் 'சைல்ட் இன் டைம்' என்ற பாட்டு பத்து நிமிஷத்துக்கு மேல். இயான் கில்லனின் குரல் மெல்ல ஏறி ஏறித் தாரஸ்தாயியில் அலறுவது, இன்றும் மயிர்க்கூச்செறிய வைக்கும். அதன் மெட்டு, சான்பிரான்சிஸ்கோ குழு ஒன்றின் 'பாம்பே காலிங்' என்ற வாத்திய இசையிலிருந்து எடுத்தது.

நான்காவது, அக்டோபரில் வந்த 'லெட் ஸெப்பெலின்' மூன்றாம் தட்டு. பாடகர் ராபர்ட் பிளான்ட்டும் டிரம்ஸ் வாசித்த ஜான் பானமும் பர்மிங்காம் பக்கத்து ஆட்களே. இவர்கள் வேல்ஸில் மின்சாரமில்லாத ஒரு குடிலில் தங்கிப் பாதிப் பாட்டுகளை அமைத்தார்கள். அதனால் முதல் பக்கத்தில் முழக்கம், மறுபக்கத்தில் நாட்டுப்புறக் கித்தாரின் மென்மை. இதிலுள்ள 'ஃபிரெண்ட்ஸ்' பாட்டை 1972-இல் பம்பாய்க்கு வந்து நம் வாத்தியக்காரர்களோடும் பதிவு செய்து பார்த்தார்கள்.

மெட்டல் சாராத மற்ற தட்டுகளில் இரண்டை விடமுடியாது. ஒன்று, மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ'. ஜாஸும் மின்கித்தாரும் கலந்த இந்த இரட்டைத் தட்டில் கித்தார் வாசித்த ஜான் மெக்லாஃப்லின்தான் பின்னாளில் நம் கடம் விநாயக்ராமோடு 'சக்தி' குழுவில் வாசித்தவர். மற்றொன்று, பிரான்சின் 'மாக்மா' குழுவின் முதல் தட்டு. அதன் தலைவர் கிறிஸ்தியான் வாந்தேர் தானே ஒரு மொழியை உண்டாக்கி அதில் பாடினார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததை நம்பி அகராதியோடு உட்கார்ந்தாலும் ஒரு வார்த்தை பிடிபடாது! அதே 1970-இல்தான் பீட்டில்ஸ் குழு பிரிந்தது. 'லெட் இட் பீ' மே மாதம் வந்தது. ஒரு யுகம் முடிந்து மற்றொன்று தொடங்கிய ஆண்டு என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

பீட்டில்ஸ் காலத்துப் பாட்டுகளில் காதல் இருந்தது, பூ இருந்தது, நம்பிக்கை இருந்தது. பர்மிங்காம் பையன்களிடம் அவை குறைவு. அவர்களுக்குத் தெரிந்தது தகட்டின் சத்தமும் புகையும் எட்டுமணி நேர வேலையும்தான். தெரிந்ததை அவர்கள் வாசித்தார்கள். விமர்சகர்கள் இரைச்சல் என்றார்கள். மில் சங்கு ஊதி விடிந்த ஊர்க்காரன் நான். பஞ்சாலைத் தறிகளின் சத்தத்தில் நாளெல்லாம் நின்று, வீட்டுக்கு வந்தும் உரக்கவே பேசிய மனிதர்களை அறிவேன். அந்த வாழ்க்கைக்கும் ஒரு சங்கீதம் வேண்டாமா?

2025 ஜூலை 5-ஆம் தேதி, பிறந்து வளர்ந்த ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் அந்த நால்வரும் கடைசி முறையாகச் சேர்ந்து வாசித்தார்கள். பார்க்கின்சன் நோயால் எழுந்து நிற்க இயலாத ஆஸி ஆஸ்போர்ன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். வசூல், பார்க்கின்சன் நோய்க்கான அமைப்புக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் என்று அறிவித்தார்கள். அதன்பின் 17 நாளில், ஜூலை 22 அன்று, அவர் காலமானார். வயது 76. ஏறக்குறைய நம் வயதுதான்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளைகள் யாரேனும் பக்கத்தில் இருந்தால் யூடியூபில் முதலில் ஜாங்கோவின் 'நுவாழ்' போடச் சொல்லுங்கள். அடுத்து 'பிளாக் சபாத்' தட்டின் முதல் பாட்டு. ஒலியைக் கொஞ்சம் குறைத்தே கேளுங்கள், தவறில்லை. கித்தாரின் தந்தியை அழுத்துகிற விரல்களை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். பிறகும் இரைச்சலாகத் தோன்றினால் எனக்கு எழுதுங்கள். கல்யாணியைப் பற்றி ஒரு பதிவு போட்டு ஈடுசெய்கிறேன்.