நம்பகக் கணிமையும் கோவையும்

கோயம்புத்தூரின் எந்திரத் தொழில், வெளிநாட்டு எந்திரங்களைக் கழற்றிப் பார்த்து வளர்ந்தது. கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடு (1893–1974), ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பூட்டியே எந்திர நுட்பம் கற்றார். 1937இல் அவரும் டி. பாலசுந்தரமும் உருவாக்கிய மின்மோட்டார் இந்தியாவின் முதல் மின்மோட்டாராகக் கருதப்படுகிறது. பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்த பட்டறைக்காரர்களும் இதே வழியில் வந்தவர்களே. வாங்கிய பொருளைத் திறக்க, விற்றவரிடம் அனுமதி கேட்கும் வழக்கம் அங்கு இருந்ததில்லை.

கணினியில் நிலைமை வேறாயிற்று. 1999இல் காம்பாக், எச்.பி., ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகியவை சேர்ந்து நம்பகக் கணிமைக்கான கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கின. அதன் விளைவே தாய்ப்பலகையில் அமரும் டி.பி.எம். சில்லு. இது மறைகுறியீட்டுச் சாவிகளைக் காக்கிறது. கணினி தொடங்கும்போது எந்தெந்த மென்பொருள் ஏறியது என்பதைப் பதிவு செய்கிறது. கேட்கும் நிறுவனத்துக்கு அதைச் சான்றளிக்கவும் வல்லது. இயங்குதளத்தை மாற்றியவர் திருடரா, உரிமையாளரா என்பது சில்லுக்குத் தெரியாது. சிக்கல் இங்குதான் உள்ளது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 2002இல் இதனைத் துரோகக் கணிமை என்று பெயரிட்டார். அவ்வச்சத்தில் சற்று மிகையும் உண்டு, டி.பி.எம். தானாக எந்த மென்பொருளையும் தடுப்பதில்லை.

தடுக்கும் வேலையைச் செய்வது 2012இல் விண்டோஸ் 8 உடன் பரவிய செக்யூர் பூட். ஏற்கப்பட்ட கையொப்பம் இல்லாத துவக்க நிரலை இது ஓடவிடாது. மேசைக் கணினிகளில் பயனர் இதனை அணைக்க இடம் இருந்தது, விண்டோஸ் ஆர்.டி. பலகைக் கணினிகளில் அதுவும் இல்லை. லினக்ஸ் வழங்கல்கள் பலவும் தம் துவக்க நிரலுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தையே பெற்றன.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. கோவை, ஈரோடு, நாமக்கல் மாவட்ட மாணவர்களுக்கும் கிடைத்த அத்தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 வேண்டும் என்கிறது. அந்த வரையறை வெளியானதே 2014இல்தான். ஆகவே அந்த மடிக்கணினிகள் நன்றாக ஓடினாலும் தகுதியற்றவை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. செக்யூர் பூட் பரவுமுன் வந்தவை என்பதால், அவற்றில் லினக்ஸ் நிறுவ மட்டும் இன்றும் எந்தத் தடையும் இல்லை.