25 வோல்ட்டா, 21 வோல்ட்டா? – ஈப்ராம் சில்லுகளின் கதை

பழைய கணினிகளை நோண்டும் நண்பர்கள் கேட்பது: "எந்த புரோகிராமர் வாங்கலாம்?" (என்னை மாதிரி ஆளைச் சொல்லவில்லை. ஈப்ராம் சில்லில் தகவலை எழுதும் பெட்டிக்கும் அதே பேர்தான்.) பெட்டியைப் பற்றி யோசிக்கும் முன் சில்லின் வயசைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று பார்ப்போம்.

1971-இல் இன்டெல் 1702 என்ற சில்லை வெளியிட்டது. உருவாக்கியவர் டோவ் ஃப்ரோமன். பழுதான சில்லுகளில் இணைப்பு அறுந்துபோன கேட்டுகள் மின்னூட்டத்தை அப்படியே பிடித்து வைத்திருப்பது தெரியவந்தது. பழுதையே நினைவகமாக மாற்றினால் என்ன? அதுதான் ஈப்ராம். நாலு பக்கமும் காப்புப் படலம் சூழ்ந்த கேட்டுக்குள் எலெக்ட்ரான்களைத் தள்ள உயர் வோல்ட்டேஜ் வேண்டும். வெறும் 256 பைட் கொண்ட 1702-க்கு ஏறக்குறைய 48 வோல்ட் தேவைப்பட்டது! அழிக்க, மேலே உள்ள குவார்ட்ஸ் ஜன்னல் வழியாகப் புற ஊதா ஒளி.

அடுத்து வந்த 2708-ஐப் படிப்பதற்கே +5, -5, +12 என மூன்று வோல்ட்டேஜ் வேண்டும். எழுத 26 வோல்ட். 2716 வந்ததும் படிக்க 5 வோல்ட் மட்டும் போதும் என்றானது. எழுத 25 வோல்ட். ஒரு பைட்டுக்கு 50 மில்லி செகண்ட். 2048 பைட்டையும் எழுத 100 செகண்டுக்கு மேல் ஆகும்.

பிறகு டிரான்சிஸ்டர்கள் சிறிதாகின, காப்புப் படலம் மெலிந்தது, வோல்ட்டேஜும் இறங்கியது. இன்டெல் சில்லுகளில் 2732-க்கு 25, 2732ஏ-வுக்கு 21, 2764-க்கு 21, 2764ஏ-வுக்கு 12.5. அந்த ஒற்றை எழுத்தைக் கவனிச்சீங்களா? 2732ஏ-வுக்கு 25 வோல்ட் கொடுத்தால் சில்லு காலி. மாறாக, 2716-க்கு 12.5 வோல்ட் கொடுத்தால் சரியாக எழுதாது.

பேரை நம்பியும் ஏமாறலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.எம்.எஸ். 2716, மூன்று வோல்ட்டேஜ் கேட்கும் ரகம். இன்டெல் 2716-க்கு இணையான அவர்களுடைய சில்லு 2516.

இப்போ பெட்டிக்கு வருவோம். யூ.எஸ்.பி. தரும் 5 வோல்ட்டைப் பெட்டிதான் உயர்த்த வேண்டும். பலர் வாங்கும் டி.எல். 866 இரண்டு பிளஸ், 18 வோல்ட்டோடு நின்றுவிடும். 12.5 வோல்ட் சில்லுகளுக்கு அது தாராளம். 2716-இல் எழுத ஆகாது. அதற்கு 25 வோல்ட் தரும் பெட்டி வேண்டும். 2708, 1702 வைத்திருப்பவர்கள் அந்தக் காலத்துக் கருவியையோ தனி அடாப்டரையோ தேட வேண்டியதுதான்.

ஆனால் உங்கள் சில்லில் ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தால், முதல் வேலை எழுதுவது அல்ல, படிப்பது. இன்டெல் 2716 முதல் 5 வோல்ட்டில் படிக்கலாம் என்பதால் சாதாரணப் பெட்டியே போதும். மென்பொருளில் சில்லு அடையாளச் சோதனையை அணைத்துவிடுங்கள். அது ஒரு முகவரிக் காலில் 12 வோல்ட்டை ஏற்றும், பழைய சில்லுகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நாலைந்து முறை படித்து, எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஜன்னல் மேல் ஸ்டிக்கர் ஒட்டியே இருக்கட்டும்.

மின்னூட்டம் வருஷக்கணக்கில் மெல்லக் கசிந்துகொண்டுதான் இருக்கும். 2716 இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் இருக்கும் 2 கேபி வேறெங்கும் இல்லாமல் போகலாம். அதனால் 25 வோல்ட் பெட்டி வரும்வரை காத்திருக்காமல், படிக்கும் வேலையை இன்றே முடித்துவிடுங்கள்.