பந்து இல்லாத மைதானம்

பத்து, பதினொரு வயதில் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். வேகமாக ஓடுகிறவர்கள், குறிபார்த்து எறிகிறவர்கள் அணிக்குள் போகிறார்கள். மற்றவர்கள் ஸ்கோர் எழுதுகிறார்கள், வேலிக்கு அப்பால் போன பந்தை எடுத்துவருகிறார்கள், கொஞ்ச நாளில் மைதானத்துக்கே வருவதில்லை. ஐந்து வயதில் மணலைக் குவித்து எல்லோரும் சேர்ந்து ஆடிய ஆட்டம் எங்கே போனது என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

அந்த ஆட்டத்தைப் பெரிய பிள்ளைகளுக்கும் திருப்பிக் கொடுத்த ஓர் இடம் டென்மார்க்கில் உண்டு. கோபன்ஹேகனை ஒட்டிய எம்ட்ரப்பில், தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் பக்கத்தில், 1943 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. நாடு அப்போது ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தது. பல ஊர்களில் வேலைநிறுத்தங்கள், அந்த மாதம் முடிவதற்குள் டேனிஷ் அரசே பதவி விலகியது. அந்த நாட்களில் குழந்தைகளுக்கென்று திறந்த மைதானத்தில் ஊஞ்சலும் இல்லை, சறுக்குமரமும் இல்லை, கோல்கம்பமும் இல்லை. பழைய பலகைகள், செங்கற்கள், தகரம், கயிறு, ஆணி, சுத்தியல், மண்வெட்டி ஆகியவைதான் இருந்தன. நம் ஊர்க் காயலான் கடையைத் திறந்தவெளியில் பரப்பி வைத்தது போல இருந்திருக்கும்.

யோசனை கார்ல் தியோடர் சோரன்சனுடையது. பூங்காக்களை வடிவமைப்பது அவர் தொழில். அழகழகாகப் பல விளையாட்டிடங்களை அமைத்தவர், தான் அமைத்தவற்றை விட்டுவிட்டுப் பிள்ளைகள் வேறெங்கோ ஓடுவதைக் கவனித்தார். வீடு கட்டும் இடங்களிலும் குப்பை மேடுகளிலும்தான் அவர்கள் பொழுது நிறைவாகக் கழிந்தது. அப்படியானால் அதையே ஏன் அமைத்துக் கொடுக்கக் கூடாது என்று 1931இல் வெளியான தன் நூலில் எழுதினார். அது நிலத்தில் இறங்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. தெருவில் போகிறவர் கண்ணில் படாதபடி மைதானத்தைச் சுற்றி மண்கரை எழுப்பிச் செடிகள் வைத்தார்கள். உள்ளே இருந்த அலங்கோலத்தைப் பெரியவர்களிடமிருந்து மறைக்க அது உதவியது. அதைவிட முக்கியம், வேடிக்கை பார்க்கும் கண்களிலிருந்து பிள்ளைகளுக்கு அது விடுதலை தந்தது. விளையாட்டு மைதானத்தில் கூச்சப்பட்டு ஒதுங்குகிற பிள்ளைக்குப் பார்வையாளர் இல்லாத இடம் எவ்வளவு பெரிய வரம் என்பது அப்படி ஒதுங்கியவர்களுக்குத் தெரியும். தான் உருவாக்கியவற்றிலேயே பார்க்க அவலட்சணமானது இதுதான், ஆனாலும் இதுவே சிறந்தது என்று சோரன்சன் பிற்காலத்தில் சொன்னார்.

மைதானத்தின் முதல் பொறுப்பாளர் ஜான் பெர்டெல்சன். கப்பலில் வேலை பார்த்துவிட்டுக் குழந்தைகள் பள்ளிக்கான பயிற்சி பெற்றவர். பிள்ளைகளுக்குத் தான் எதையும் சொல்லித்தரக் கூடாது, முதல் அடி அவர்களிடமிருந்தே வர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். கேட்டால் உதவுவார், கருவிகளைக் கொடுப்பார். என்ன கட்டுவது என்று சொல்லமாட்டார். குடிசைகள் எழுந்தன, பள்ளங்களும் குகைகளும் தோண்டப்பட்டன, கட்டியதைப் பிரித்து மறுபடி கட்டினார்கள்.

போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், இங்கிலாந்தின் லேடி ஆலன் எம்ட்ரப் வந்தார். அவரும் தோட்டக்கலை வடிவமைப்பாளர்தான். பார்த்த மாத்திரத்தில், குண்டு விழுந்து இடிபாடாகக் கிடக்கும் லண்டன் மனைகளுக்கு இதுவே தகும் என்று முடிவு செய்து, பத்திரிகையில் எழுதினார், கூட்டங்களில் பேசினார். 1948இல் கேம்பர்வெல்லில் ஒன்று தொடங்கியது. இத்தகைய இடங்களுக்கு முதலில் இருந்த குப்பை மைதானம் என்ற பெயர் நகராட்சிகளை முகம் சுளிக்க வைத்ததால், 1950களில் சாகச மைதானம் என்று பெயர் மாறியது. உடல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகவே செல்சியில் 1970இல் அவர் தொடங்கி வைத்த மைதானத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். போட்டி வைத்தால் முதல் சுற்றிலேயே வெளியேற்றப்படும் பிள்ளைகள் அங்கே நீரிலும் மண்ணிலும் மரத்திலும் மற்றவர்களோடு கலந்தார்கள்.

இந்த வரலாற்றில் நெடுநேரம் நின்று பார்க்க வேண்டிய ஊர் அமெரிக்காவின் மினியாபோலிஸ். மெக்கால்ஸ் என்ற மாத இதழின் ஆதரவில் 1949இல் அங்கே 'தி யார்ட்' திறந்தது. போட்டி வேண்டாம் என்று யாரும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அதனால் முதலில் போட்டிதான் வந்தது. எல்லோரையும்விடப் பெரிய குடிசையை எல்லோருக்கும் முன்னால் கட்டிவிட வேண்டும் என்று அள்ளிக்கொண்டு போனார்கள். சிறு துண்டு போதும் என்ற இடத்தில் நீளப் பலகையை அறுத்தார்கள். ஆணிகளையும் கருவிகளையும் பதுக்கினார்கள். சீக்கிரமே மரம் தீர்ந்தது. பாதி கட்டிய குடிசைகளிலிருந்து பலகைகள் பிடுங்கப்பட்டன, சண்டை மூண்டது, சிலர் வீட்டுக்கே போய்விட்டார்கள். பெரியவர்கள் அப்போதே விசில் ஊதி, அணி பிரித்து, விதிமுறை அறிவித்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

பஞ்சம் வந்த இரண்டாம் நாளே பிள்ளைகள் தாமாக ஒன்றுகூடி, கிடக்கும் மரத்துண்டுகளைச் சேகரிக்கக் கிளம்பினார்கள். பதுக்கிய ஆணிகள் வெளியே வந்தன. தனியாகத்தான் கட்டுவேன் என்று நின்றவர்கள், உன் பலகையையும் எடுத்துக்கொண்டு வா என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் இருப்பதை வைத்தே சமாளித்தார்கள். புதிய மரம் வந்து இறங்கியபோது அங்கே ஒரு சின்ன ஊரே உருவாகியிருந்தது. பிள்ளைகளுக்குப் போட்டிதான் இயல்பு என்று அடித்துச் சொல்கிறவர்கள் முதல் சில நாட்களை மட்டும் பார்த்தவர்கள். கட்டும் வேலையில் ஒருவர் ஜெயிக்க இன்னொருவர் தோற்க வேண்டியதில்லை. பலகையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும், அளவு பார்க்க ஒருவர் வேண்டும், சும்மா உட்கார்ந்து கதை சொல்கிறவருக்கும் நிழல் உண்டு.

ஜப்பானுக்கு இந்த யோசனை புத்தகத்தின் வழியே போனது. லேடி ஆலனின் நூலை ஓமுரா என்ற ஜப்பானியத் தம்பதியர் மொழிபெயர்த்தார்கள். ஐ.நா. குழந்தைகள் ஆண்டாக அறிவித்த 1979இல், டோக்கியோவின் செட்டகாயாவில் ஹானெகி விளையாட்டுப் பூங்கா திறந்தது. வட்டார நிர்வாகம் பணம் தருகிறது, அக்கம்பக்கத்தார் நடத்துகிறார்கள். சொந்தப் பொறுப்பில் சுதந்திரமாக விளையாட வேண்டும் என்பதே அங்குள்ள ஏற்பாடு. பிள்ளைகள் அங்கே அடுப்பு மூட்டிச் சமைக்கவும் செய்கிறார்கள். கூட்டாஞ்சோறு ஆக்கிய தலைமுறைக்கு அந்த மகிழ்ச்சியை விளக்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் பின்னாளில் பல மைதானங்கள் மூடப்பட்டன. காயம் பட்டால் யார் பொறுப்பு என்ற பயமும், வெட்டப்பட்ட மானியமும்தான் காரணங்கள். ஜெர்மனியிலோ, மேற்கு பெர்லினில் 1967இல் தொடங்கியது நாடெங்கும் பரவி வேரூன்றிவிட்டது.

கோடை விடுமுறை வந்தால் நம் ஊர்களில் கிரிக்கெட் முகாம், செஸ் முகாம், ஓவியப் போட்டி என்று அறிவிப்புகள் குவிகின்றன. எல்லாவற்றின் முடிவிலும் கோப்பை இருக்கிறது. குடியிருப்புச் சங்கங்கள் காலியாகக் கிடக்கும் ஒரு மூலையை ஒரு மாதத்துக்கு ஒதுக்கித் தரட்டும். கொஞ்சம் பலகை, சாக்கு, கயிறு, கூடவே வாய் திறக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுமையான ஒரு பெரியவர் போதும். பரிசு மட்டும் அறிவிக்காதீர்கள்.