செங்கொடியின் கீழ்ப் பெண்: மும்பை இயக்க வரலாற்றில் சில சொற்கள்

தமிழில் 'தொழிலாளர்' என்பது ஆணையும் பெண்ணையும் ஒருங்கே சுட்டும் பலர்பாற் சொல். மராட்டியின் 'காம்கார்' என்பதும் அவ்வாறே பொதுப்பட வழங்குகிறது. சொல் பொதுவாயிருப்பினும், அது சுட்டும் கூட்டத்தினுள் பெண்ணுக்கு எத்துணை இடமிருந்தது என்பது இலக்கணம் விடைதரக்கூடிய வினாவன்று. மும்பையின் பொதுவுடைமை இயக்க வரலாற்றை முன்வைத்து இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

1920களில் மும்பைப் பஞ்சாலைத் தொழிலாளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் பெண்களாவர். நூல் சுற்றுதல், சிட்டமிடுதல் ஆகிய பிரிவுகளிலேயே அவர்கள் மிகுதியாக இருந்தனர். அப்பிரிவுகளை மேற்பார்த்த பெண்ணுக்கு 'நாயிகீண்' என்று பெயர். இதனை 'மேஸ்திரி' எனத் தமிழாக்கினால் பெண் மறைந்துவிடுகிறாள். 'பெண் மேஸ்திரி' என்று விரித்தெழுதுதலே முறை.

1928 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நடந்த பொது வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். அவ்வாண்டு மே மாதம் தோன்றிய கிர்ணி காம்கார் சங்கம் செங்கொடிச் சங்கம் என்றே அறியப்பட்டது. 1929 மார்ச்சில் மீரத் சதி வழக்கில் எஸ். ஏ. டாங்கே முதலிய தலைவர்கள் கைதானபோது போராட்டத்தின் பாரம் பெண்கள்மீதும் இறங்கியது. இளமையில் கைம்பெண்ணாகிப் பின் டாங்கேயை மணந்த உஷாபாய், பார்வதிபாய் போர் ஆகியோர் பெண் தொழிலாளரைத் திரட்டினர். கருங்காலிகளைத் தடுக்கத் துடைப்பங்களுடன் பெண்கள் நின்ற செய்தி பலரும் அறிந்ததே.

ஆயினும் வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறவேண்டும். 1929இல் மும்பை மாகாணத்தில் பேறுகாலச் சலுகைச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதற்சட்டம். சலுகைக்கான செலவு ஆலை முதலாளியின் பொறுப்பாயிற்று. இரவுப்பணித் தடையும் புதிய சுற்று எந்திரங்களும் சேர்ந்துகொண்டன. பெண்களை வேலைக்கு எடாமல் விடுவதே முதலாளிகளுக்கு எளிதாயிற்று. அடுத்த பதிற்றாண்டுகளில் பெண்களின் பங்கு மிகச் சிறிதாகிவிட்டது. சங்கம் கூலிக்காகக் கடுமையாகப் போராடியது. ஆனால் குடும்பத்தைக் காக்கும் ஆணின் கூலியே அளவுகோலாக நின்றமையால், வேலையிழந்த பெண்ணின் குரல் முதன்மை பெறவில்லை என்பது என் கருத்து.

விளிச்சொற்களும் இங்குக் கருதத்தக்கன. மராட்டியில் 'காம்ரேட்' அப்படியே நிற்க, பெண் தலைவர்கள் 'உஷாதாயி', 'அஹில்யாதாயி' என உடன்பிறப்பு முறையால் அழைக்கப்பட்டனர். தமிழிலோ 'தோழர்' இருபாற்கும் பொதுவாயிற்று. பெண்ணைத் தனியே குறிக்கத் 'தோழி' என்றால் அகப்பாடல் தலைவியின் துணைவி நினைவுக்கு வந்துவிடுகிறாள். 'தோழியர்' என்னும் வடிவம் தொழிற்சங்க மேடைகளில் ஒருமைக்கும் வழங்கிவருவது இதனாற் போலும்.

1943இல் பரேல் மகிளா சங்கம் அமைந்தது. 1946 பிப்ரவரி 22இல், கடற்படை எழுச்சிக்கு ஆதரவான கிளர்ச்சியின்போது, அதன் ஊழியர் கமல் தோந்தே பரேலில் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார். உடனிருந்த அஹில்யா ராங்ணேகர் பின்னர் 1961இல் மாநகராட்சிக்கும் 1977இல் மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1972இல் எழுந்த விலைவாசி எதிர்ப்புப் பெண்கள் கூட்டுக்குழுவில் அவரும் சோசலிஸ்டான மிருணாள் கோரேயும் இணைந்து நின்றனர். பெண்கள் தட்டுகளைக் கொட்டியும் சப்பாத்திக் கட்டைகளை ஏந்தியும் தெருவிறங்கினர். இதில் மொழிபெயர்ப்பாளர் வழுக்கக்கூடிய இடமொன்று உண்டு. தட்டினைக் குறிக்கும் இந்தி வடிவத்தைத் தமிழெழுத்தில் பெயர்த்தால் அது 'தாலி' ஆகிவிடும். தாலி ஊர்வலம் என்றால் தமிழர் வேறொன்றையே பொருள்கொள்வர்! 'மோர்ச்சா' என்பதற்கோ இத்துன்பமில்லை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் தமிழர் பேச்சில் மோர்ச்சா மோர்ச்சாவாகவே நிற்கிறது.

1981இல் சென்னையில் தோன்றிய அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் மராட்டியத்தில் 'ஜன்வாதி மகிளா சங்கடனா' எனப்படுகிறது. அதற்குச் சற்றுமுன், 1980இல், மதுரா வழக்குத் தீர்ப்பை எதிர்த்து மும்பையில் கட்சி சாராப் பெண்கள் அமைத்த குழுவினர் 'ஸ்த்ரீ' என்னும் சொல்லை முன்வைத்தனர். அவர்கள் முழக்கம் 'ஸ்த்ரீ முக்தி'. தமிழிலும் இப்பிளவு சொல்லளவில் தெரிகிறது. கட்சி சார்ந்த அமைப்புகள் 'மாதர்' என்பதைப் பேண, 1980களுக்குப் பின் நிலைபெற்ற 'பெண்ணியம்' பிறரின் சொல்லாயிற்று. குடும்பத்தினுள் நிகழும் வன்முறையை வர்க்கப் போராட்டத்திற்குப் பிந்தியதாக வைப்பதா என்னும் வழக்கே இவ்விரு சொற்களுக்கும் இடையில் நின்றது.

வார்லிப் பழங்குடியினரின் எழுச்சியை எழுதிய கோதாவரி பருலேகர் 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அந்நூலின் தலைப்பிலுள்ள 'மாணூஸ்' மனித இனத்தைக் குறிப்பினும், வினை ஆண்பால் முடிபையே ஏற்கிறது. தமிழில் 'மனிதன்' என்றால் அதுவே நேரும். 'மனிதர்' என்றால், எழுதியவர் பெண் என்பதும் எழுச்சியில் பெண்கள் இருந்தனர் என்பதும் தலைப்பிற்குள் அடங்கும்.