ரெட் டொட்டும் கட்டுத்துவக்கும்

"மச்சான், ரெட் டொட் கெடந்தா எடுத்துப் போடு." பப்ஜி விளையாடுகிற யாருக்கும் இந்த வசனத்துக்கு விளக்கம் தேவையில்லை. இரத்தினபுரி, றக்வானை, பலாங்கொடை என்று எந்தத் தோட்டத்து லயத்து வாசலிலும் ஒரு போனைச் சுற்றி நாலு பசங்க குந்தியிருந்தால் இது காதில் விழும். கேமில் அது கீழே கிடக்கும், எடுத்தால் துவக்கில் தானாக ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அந்தச் சிவப்புப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று நாங்கள் தேடிப் பார்த்தோம். தேடல் டப்ளினில் தொடங்கி நம்ம தோட்டத்து றப்பர் மலைக்கே வந்து சேர்ந்தது.

முதலில், அது என்ன செய்கிறது? பழைய துவக்கில் குறி பார்க்க மூன்று விஷயத்தை ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும்: கண்ணுக்குக் கிட்டே இருக்கிற காடி, குழல் நுனியில் இருக்கிற முள், தூரத்தில் இருக்கிற இலக்கு. மனிதக் கண் ஒரே நேரத்தில் மூன்று தூரங்களில் தெளிவாகப் பார்க்காது. அதனால்தான் பழைய சுடுகாரர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவ்வளவு பாடுபட்டார்கள். ரெட் டொட்டில் காடியும் இல்லை, முள்ளும் இல்லை. சின்ன விளக்கு ஒன்றின் ஒளி, வளைந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. வரும்போது அது ஏதோ வெகு தூரத்திலிருந்து வருகிற ஒளி மாதிரி இணைகதிராக வருகிறது. ஆகவே புள்ளியும் இலக்கும் ஒன்றாகவே தெளிவாகத் தெரியும். கண்ணைச் சற்று நகர்த்தினாலும் புள்ளி இலக்கை விட்டு விலகாது. இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருக்கலாம்.

படத்தில் ஆளின் நெஞ்சில் விழுகிற சிவப்புப் புள்ளி வேறு, அது லேசர். ரெட் டொட்டின் புள்ளி இலக்கில் விழுவதே இல்லை, சுடுகிறவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். மாணிக்க ஊர்க்காரர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம்: 1960இல் தியடோர் மைமன் செய்து காட்டிய உலகின் முதல் லேசர், சிவப்பு மாணிக்கத் தண்டு ஒன்றிலிருந்துதான் வந்தது. ஆனால் அது ஆய்வுகூடத்தில் வளர்த்த கல். நம்ம குழியில் எடுத்தது இல்லை!

இந்த யோசனையின் தகப்பன் ஹோவார்ட் கிரப். டப்ளினில் தொலைநோக்கி செய்கிற குடும்பம். கொடைக்கானல் வான் ஆய்வகத்துக்குப் போனவர்கள் பாவ்நகர் தொலைநோக்கி என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள், அது அவருடைய பட்டறையில் செய்தது. நட்சத்திரம் பார்க்கக் கண்ணாடி வளைத்த அந்த மனிதர் 1900இல் துவக்குக்கான ஒளிக் குறிகாட்டிக்குக் காப்புரிமை எடுத்தார். 1918இல் ஜெர்மனியின் ஒய்கீ நிறுவனம் அந்த யோசனையைப் போர் விமானத்தில் ஏற்றியது. இன்றைய எலக்ட்ரோனிக் ரெட் டொட்டாக அது மாற இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. 1962இல் நிக் ஹொலொன்யாக் சிவப்பு எல்.இ.டி. விளக்கைச் செய்தார். 1975இல் சுவீடனின் எய்ம்பொயின்ட் அந்த விளக்கை வைத்து முதல் எலக்ட்ரோனிக் ரெட் டொட்டைக் கடைக்குக் கொண்டுவந்தது. வாங்கியவர்கள் முதலில் வேட்டைக்காரர்கள். 1990களின் கடைசியில் அமெரிக்கத் தரைப்படையும் எடுத்துக்கொண்டது.

இனி 1900க்கே திரும்புவோம். கிரப் காப்புரிமை எடுத்த அதே வருடம் இலங்கையில் ஒரு படை உருவானது. சிலோன் பிளான்டர்ஸ் றைபிள் கோர்ப்ஸ், அதாவது தோட்டத்துரைமாரின் துவக்குப் படை. ஐரோப்பியர் மட்டும் சேரலாம். கொழுந்துக் கணக்கும் றப்பர் பால் கணக்கும் பார்க்கிற பெரியதொரையும் சின்னத்தொரையும் கட்டளைக்குச் சுடப் பழகினார்கள். 1914இல் அவர்களில் ஒரு பகுதியினர் எகிப்துக்குப் போய், அங்கிருந்து கலிப்போலிக்கும் போனார்கள். 1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் கிராமங்களுக்குள் அனுப்பப்பட்ட ஆயுதக்காரர்களிலும் துரைமார் இருந்தார்கள். 1949இல்தான் படை கலைக்கப்பட்டது.

அதற்கு முன்னும் துரை கையில் துவக்கு இருந்தது. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் றொஜர்ஸ் 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்கிறார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். (அந்தக் கணக்கைப் பெருமையாக எழுதிய வெள்ளைக்காரர்கள், அதே காலத்தில் நடந்து வரும் வழியில் செத்த கூலியாட்களுக்கு அப்படி ஒரு கணக்கு வைக்கவில்லை.) இந்தப் பக்கம் சப்ரகமுவ கண்டி இராச்சியத்தின் பகுதி. கண்டிக் கொல்லர்கள் இடது பக்கம் விசை வைத்து, பிளந்த பிடியோடு அழகான துவக்குகள் செய்தவர்கள். துவக்கு என்று நாம் சொல்வதைச் சிங்களத்தில் துவக்குவ என்கிறார்கள். சொல்லிலாவது பங்கு இருந்தது.

சட்டம் 1916இல் வந்தது: 33ஆம் இலக்க சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டம். திருத்தங்களோடு இன்றைக்கும் அதுதான். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். யாருக்கு நிலம் இருந்தது, யாருக்குப் பங்களா இருந்தது என்று யோசித்தால் பத்திரம் யார் கைக்குப் போயிருக்கும் என்று புரியும். லயத்துக்காரருக்கு நிலம் ஏது? துவக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு முல்லோயா ஒரு சாட்சி. 1940 ஜனவரி 10, ஹேவாஹெட்டப் பக்கம், வேலைநிறுத்தம் செய்த தோட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் செத்தார். 1977 மே 11, டெவன் தோட்டம், காணிப் பறிப்பை எதிர்த்தபோது சிவனு லெட்சுமணன். இரண்டுமே பொலிஸ் துவக்குதான்.

சரி, உண்மையான ரெட் டொட் ஒன்று சட்டப்படி ஒருவர் கைக்கு வந்தால் என்ன நடக்கும்? கேம் மாதிரி இல்லை. தெரிவிலேயே சிக்கல் தொடங்கும். புள்ளியின் பருமனைக் கோண அளவில் சொல்வார்கள். இரண்டு நிமிடக் கோணப் புள்ளி 100 மீற்றரில் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றரை மறைக்கும். ஆறு என்றால் 17 சென்ரிமீற்றர். பெரிய புள்ளி கண்ணில் சட்டென்று படும், ஆனால் தூரத்தில் இலக்கையே விழுங்கிவிடும். கண்ணில் உருப்பிறழ்வு உள்ளவருக்குப் புள்ளி வட்டமாகவே தெரியாது, சிதறிய நட்சத்திரம் மாதிரித் தெரியும். பழுதென்று கடைக்காரரோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை.

பொருத்துவதுதான் முக்கியம். குழலுக்கும் சைட்டுக்கும் இடையில் ஒரு மயிரளவு ஆட்டம் இருந்தாலும் புள்ளி பொய் சொல்லும். திருகாணியை அளவான இறுக்கத்துக்கு முறுக்கி, கழராமல் பசை விட்டு, தலையில் ஒரு பெயின்ட் கோடு போட்டு வைப்பார்கள். கோடு விலகியிருந்தால் திருகு கழன்றிருக்கிறது என்று அர்த்தம். பிறகு சுடுதிடலில் தாங்கி வைத்து மூன்று, நான்கு வெடி சுட்டு, குண்டு விழுந்த இடத்துக்குப் புள்ளியை நகர்த்த வேண்டும். மேல் கீழுக்கு ஒரு திருகு, இடம் வலத்துக்கு ஒரு திருகு. சைட்டைக் கழற்றி மாட்டினால் திரும்பவும் சுட்டுச் சரிபார்க்க வேண்டும். பராமரிப்பு என்றால் பெட்டரியும் கண்ணாடியும்தான். ஈரம் நிறைந்த நம்ம பக்கத்தில் பெட்டரி முனையில் பச்சை பூக்கும், கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். சட்டை நுனியால் துடைத்தால் சிவப்பை மட்டும் திருப்புகிற அந்த மெல்லிய பூச்சு கீறிப்போகும். தூசியை ஊதிவிட்டு மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். இவ்வளவு சிரமமும் எதற்கு? சுடுகிறவன் எதைச் சுடுகிறான் என்று பார்க்க வேண்டும், பார்த்த இடத்தில் குண்டு போக வேண்டும் என்பதற்கு. நூறு வருடமாக இந்தத் தொழில்நுட்பம் ஓடியது அந்த ஒரு காரணத்துக்காக.

நம்ம மலைக்காட்டில் இருக்கிற துவக்கு இதற்கு நேர் எதிர். கட்டுத்துவக்கு. சிங்களத்திலும் பெயர் அதேதான், பந்தி துவக்கு, கட்டப்பட்ட துவக்கு. இரும்புக் குழாயில் உள்ளூரில் செய்தது. மருந்தும் ஈயத் துண்டும் அடைத்து, பன்றி வருகிற பாதையைப் பார்த்துக் கட்டி வைத்துவிட்டு, குறுக்கே ஒரு கம்பியோ நூலோ இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குக் காடி இல்லை, முள் இல்லை, புள்ளி இல்லை. பார்க்கிற ஆளே இல்லை. நூலில் யார் கால் பட்டாலும் வெடிக்கும்.

கட்டுகிறவர் எல்லோரும் கெட்டவர் என்று நாங்கள் சொல்லவில்லை. மரவள்ளித் தோட்டத்தை ஒரே இரவில் பன்றி கிளறிவிட்டுப் போனால் அந்தக் குடும்பத்துக்கு என்ன மிச்சம்? இறைச்சிக்காகக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பத்திரமில்லாத துவக்கைச் செய்வதும் வைத்திருப்பதும் 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதில் சிக்குகிறவர் யார் என்று பாருங்கள்: விறகுக்குப் போன பெண், குறுக்குப் பாதையில் வேலைக்குப் போனவர், சில நேரம் கட்டியவரே. குழல் பன்றியின் உயரத்துக்குக் கட்டப்படுவதால் ஆளுக்குக் காயம் பெரும்பாலும் முழங்காலைச் சுற்றித்தான். உயிர் தப்பினாலும் கால் தப்பாமல் போகிறது. மலை ஏறி இறங்கித்தான் சம்பளம் என்கிற வேலையில் ஒரு காலின் விலையை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

இரவில் கட்டி, விடிந்ததும் அவிழ்த்துவிடலாம் என்பது கட்டுகிறவரின் கணக்கு. ஆனால் வெயில் ஏறுவதற்கு முன்தான் றப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்கும். பால் வெட்டுகிறவர்கள் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மலைக்குள் இறங்குவது விடிவதற்கு முன். அந்த வெளிச்சம் விழுவது மரப்பட்டையில், வெட்டுக் காயத்தில். நூல் இருப்பது முழங்காலுக்குக் கீழே, புல்லுக்குள்.